அடுத்து என்ன போடட்டும்?

திண்டுக்கல்லில் எந்தப் பரோட்டாக் கடைக்குப் போனாலும் கல் வாசலில்தான் கிடக்கும். புகை வெளியே போய்விடும், கொத்துகிற சத்தம் தெருவில் போகிறவரை உள்ளே இழுக்கும் என்பார்கள். இரண்டும் உண்மை. கல்லில் நிற்கிறவனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நின்றால்தான் உட்கார்ந்திருப்பவரின் இலை தெரியும்.

இலையைப் பார்க்காமல் ராத்திரிக் கடையில் வேலை செய்ய முடியாது. மதியச் சாப்பாட்டுக்குச் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் முன்பே தயாராகிவிடும், பரிமாறுவதுதான் மிச்சம். பிரியாணியும் அப்படியே. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்றாகி, சீரகச் சம்பாவின் மணத்தால் இந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. தம்மில் இறக்கிய அண்டா ஆளுக்காகக் காத்திருக்கும். என் கல்லில் வெந்த ஈரல் காத்திருக்காது. இரண்டு நிமிடம் தாமதித்தால் இறுகிவிடும். அதனால் எங்கள் தொழிலில் பாதிதான் சமையல். எந்த நேரத்தில் கல்லில் போடுவது என்பது மறுபாதி.

ஆள் வந்து உட்காருகிறார். இலை விழுகிறது, தண்ணீர் தெளிக்கிறார், இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னா. முதல் பரோட்டா பசிக்குப் போகும். அந்த நேரத்தில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அவர் நாக்குக்கு அது தெரியாது. இரண்டாவது பரோட்டா பாதியில் வரும்போது கை மெதுவாகும். நிமிர்ந்து பார்ப்பார். சப்ளையர் பக்கத்தில் போய், “அடுத்து என்ன போடட்டும்ண்ணே?” என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான். அவர் பதில் சொல்வதற்குள் கல் ஓரத்தில் நான் சின்ன வெங்காயத்தை வதங்கப் போட்டிருப்பேன். சுக்காவோ ஈரலோ குடலோ, வெங்காயம் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

கல் ஒன்றுதான், சூடு ஒன்றல்ல. நடுவில் தீ நேரே அடிக்கிற இடம் முட்டைக்கும் கொத்துக்கும். அதைச் சுற்றி பரோட்டா. விளிம்பில் வதக்கலும், வெந்ததைச் சூடு ஆறாமல் ஒதுக்கி வைப்பதும். இந்த எல்லைகள் ராத்திரி முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். கூட்டம் கூடி மாவு அடுத்தடுத்து விழும்போது கல் சூட்டை இழக்கும். கூட்டம் குறைந்தால் நடு இடம் சிவக்கத் தொடங்கும். கையால் தண்ணீர் தெளித்து, அது ஓடுகிறதா, உட்கார்ந்து பொங்குகிறதா, பட்டதும் மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்லில் சோப்பு படக்கூடாது. சுரண்டி, உப்பால் தேய்த்து, எண்ணெய் தடவி விட்டால் போதும். அந்தக் கறுப்புப் பூச்சுக்குள் பல வருடத்து எண்ணெய் இருக்கிறது.

ஈரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் தொடைக்கறியும் நெஞ்செலும்பும் பிரியாணிக்கும் விருந்துக்கும் போய்விடுகின்றன. வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் கைமாறும் ஆடுகளில், இந்த ஊர் அடுப்புகளுக்கு வருகிறவற்றின் நல்ல கறி முதலில் அண்டாக்களுக்குத்தான். தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி, மூளை ஆகியவை ராத்திரிக் கல்லுக்கு வரும். கறிக்குக் கிடைக்கிற மரியாதை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. வேலையோ இவற்றில்தான் அதிகம். குடலை வெந்நீரில் போட்டுச் சுரண்டி, மஞ்சள் போட்டு அலசி, மதியமே மெத்தென்று வேகவைக்க வேண்டும். மூளையை மஞ்சள் தண்ணீரில் லேசாகக் கொதிக்கவிட்டு, மேல் சவ்வை நரம்போடு உரித்தெடுக்க வேண்டும். சுவரொட்டிக்கு நேரடித் தீ. ஈரலை விடியற்காலை வாங்கினால் அன்று ராத்திரியே முடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைப்பதில்லை. சன்னமாக நறுக்கினால் தோலாகிவிடும். பெரிய துண்டுகளாக வெட்டி, நல்லெண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கிய பிறகு போட்டு, தாண்டிக்குடிப் பக்கத்து மிளகைப் பொடிக்காமல் தட்டிப் போட்டு, உப்பைக் கடைசியில் சேர்ப்பேன். முன்னால் போட்ட உப்பு ஈரலைக் கெட்டியாக்கும். துண்டைக் கரண்டியால் அழுத்தினால் உள்ளே இன்னும் மெத்தென்று இருக்க வேண்டும், அழுத்திய இடத்தில் சிவப்பு நீர் வரக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில விநாடிகளுக்காகத்தான் நான் இலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

என்னோடு கல்லில் நின்ற தம்பி ஒருவர் சென்னைக்குப் போய், ஜப்பானியக் கம்பெனிக்காரர்கள் சாப்பிட வரும் ஓர் உணவகத்தில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்தார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்த பிறகு சென்னையில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பொங்கல் லீவில் வந்தவர் கல் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “அண்ணே, அங்க இஸகாயாம்பாங்க. ஆளு முன்னாலயே அடுப்பு. சின்னச் சின்னத் தட்டு. ஒண்ணு தீரத் தீர அடுத்தது. நம்ம வேலைதாண்ணே, மாவுதான் இல்ல.”

அதன் பிறகு இஸகாயாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்தேன். இன்று டோக்கியோ என்கிற எடோ நகரில், பதினெட்டாம் நூற்றாண்டில் சாக்கே என்ற அரிசி மதுவை விற்ற கடைகள் வாங்குகிறவர்களை அங்கேயே உட்கார்ந்து குடிக்க விட்டன. கூடவே மிசோ தடவிச் சுட்ட தோஃபு மாதிரி சின்னத் தீனிகளையும் தரத் தொடங்கின. உலகப் போர் முடிந்த பஞ்ச காலத்தில் ஷின்ஜுகு நிலையத்துக்குப் பக்கத்துக் கள்ளச்சந்தையில் தள்ளுவண்டிக்காரர்கள் கூடினார்கள். மாவுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், கட்டுப்பாடு இல்லாத மாட்டுக் குடலையும் பன்றிக் குடலையும் குச்சியில் குத்திச் சுட்டார்கள். ஒமோய்தே யோகோச்சோ என்ற அந்தச் சந்து இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. நல்ல கறி கைக்கு வராதவர்கள்தான் அங்கேயும் உள்ளுறுப்புச் சமையலைக் கலையாக்கியிருக்கிறார்கள்.

வித்தியாசங்களும் எனக்குப் பாடமாகவே இருக்கின்றன. கோழியைக் குச்சியில் குத்தி யாகிடோரி சுடுகிறவர்கள் தாரே என்ற குழம்பைக் குறையக் குறைய ஊற்றி நிரப்பி, வருடக்கணக்கில் ஒரே பாத்திரத்தில் வளர்க்கிறார்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய என் சால்னா அடுத்த நாள் காலையைப் பார்க்கக்கூடாது. எலும்புச் சாற்றில் சோம்பு, பட்டை, கல்பாசி, தக்காளி என்று தினம் சாயங்காலம் புதிதாகப் பிறக்க வேண்டும். இஸகாயாவில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒதோஷி என்று ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதற்குக் காசு உண்டு. இங்கே கேட்காமல் வருவது சால்னா; எத்தனை தடவை ஊற்றினாலும் அதற்குக் காசு கிடையாது. கறித்துண்டு இல்லாத அந்த எம்டி சால்னாவைக் கஞ்சத்தனமாக ஊற்றுகிற கடையில் நான் கை நனைக்க மாட்டேன்.

பெரிய வித்தியாசம் குடி. அங்கே அதுதான் ஆளை உட்கார வைக்கிறது; தட்டுகள் அதன் பின்னால் வருகின்றன, சோறோ நூடுல்ஸோ கடைசியில். இங்கே கள்ளுக்கடைகள் 1987-ல் மூடப்பட்டன. 2003-லிருந்து மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கள்ளுக்கும் கறிக்கும் ஒரே கூரை என்பது போய்விட்டது. எங்கள் கடையில் குடிக்க அனுமதி இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆளை உட்கார வைக்கிற வேலையை இங்கே பரோட்டா செய்கிறது. பிய்க்க வேண்டும், ஊறவிட வேண்டும், ஊறியதைத் தேடி எடுக்க வேண்டும். அந்த நிதானத்தில்தான் பேச்சு வருகிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்ட் முடித்தவர், பேகம்பூரிலிருந்து வருகிறவர், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்குப் புறப்படும் லாரிக்காரர், நாகல்நகர்ப் பூட்டுப் பட்டறைக்காரர் எல்லோரும் ஒரே பெஞ்சில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

தை மாதம் மட்டும் கல்லின் மணமே மாறிவிடும். தைப்பூசத்துக்கு மாலை போட்டவர்கள் கறி தொடமாட்டார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ராவும் பகலும் ஊரைக் கடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கென்று தனிக் கல், தனிக் கரண்டி, காய் குருமா. கறி பட்ட கல்லைக் கழுவித் தேய்த்து அதிலேயே தோசை ஊற்றித் தரலாம், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

இப்போது பார்சல் பெருகிவிட்டது. பரோட்டாவைக் கட்டித் தருகிறேன், சுக்காவைக் கட்டித் தருகிறேன், குடலையும் தருகிறேன். வீட்டில் திரும்பச் சூடாக்கினால் அவை தாங்கும். பாதி வெந்த முட்டைக் கலக்கியை மட்டும் கட்டித் தருவதில்லை. கவருக்குள் மூடிய சூட்டிலேயே அது வெந்து சாதாரண ஆம்லெட்டாகிவிடும். இதில் சிலருக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு ஒரு கவர் சால்னாவைக் கொடுத்து, செய்கிற விதத்தைச் சொல்லி அனுப்புகிறேன். இரண்டு முட்டையை உடைத்து உப்பு, தட்டிய மிளகு, ஒரு கரண்டி சால்னாவின் தெளிவு விட்டு, நுரை வராமல் கலந்துகொள்ளுங்கள். இரும்புத் தோசைக்கல், பெரிய தீ, தாராளமாக எண்ணெய். ஊற்றியதும் ஓரம் வெளுக்கும். வெளுத்த உடனே நாலு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள், திருப்பிப் போடாதீர்கள். மேலே கையால் தொட்டால் தளும்ப வேண்டும். அப்படியே எடுத்துவிடுங்கள். முட்டையைக் கல்லில் ஊற்றுவதற்கு முன்பே சாப்பிடுகிறவரைக் கூப்பிட்டு, தட்டோடு அடுப்புப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.