கையெழுத்துப் போடும் இடம்

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இலங்கையில், பேசாலையில் சங்கக் கடைக் கணக்கைக்கூட எழுதியிருக்கிறார். ஆனால் 1990-இல் கடல் தாண்டி அகதியாக வந்த பிறகு அவர் போட்ட கையெழுத்தெல்லாம் அரசின் பணக்கொடை வாங்கவும், செக்கிங்கின்போது ஆள் முகாமில்தான் இருக்கிறது என்று காட்டவும் மட்டுமே. ஒரு மனுவின் அடியில் கையெழுத்துக் கேட்டு நான் நீட்டியபோது பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"இருக்க இடம் தந்த ஊர், தம்பி. அவையளைப் பற்றி எழுதிக் குடுக்கிறது சரியோ?"

மனு தண்ணீரைப் பற்றியது.

எங்கள் முகாம் திண்டுக்கல் சமவெளியில் ஒரு கிராமத்தை ஒட்டி இருக்கிறது. ஊர் சின்னது, எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பெயர் பதிந்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே விட்டபோது எனக்கு ஒன்பது வயது. தார்ச் சீட்டுப் போட்ட பத்துக்குப் பத்து அறை. அன்றிரவு சோறு கொண்டுவந்து தந்தவர்கள் ஊர்க்காரர்கள். தெருக்கோடியில் நின்றால் தூரத்தில் சிறுமலை நீலமாகத் தெரியும். கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நீலம் பெரிய ஆறுதலாக இருந்தது.

திண்டுக்கல்லுக்கே தண்ணீர் தட்டுப்பாடுதான். நகரத்துக்கு ஆத்தூர் காமராஜர் அணையும் வைகைப் பேரணையும் போதாமல் காவிரித் தண்ணீரும் குழாயில் வருகிறது. கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொட்டும் காற்று வருவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே தண்ணீர் குறைவாக வந்தது என்பதல்ல எங்கள் குறை. இருப்பதைப் பங்கு வைத்த விதம்தான்.

ஊரின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நான்கு கிளைகள் பிரிகின்றன. மூன்று தெருக்களுக்கு, நான்காவது முகாமுக்கு. நான்கு நாளுக்கு ஒரு முறை தெருக்களுக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள். முகாமின் வால்வைத் திறக்கும்போது தொட்டி அடி தட்டியிருக்கும். இருபது நிமிடம் வரும், சில நாள் அதுவும் இல்லை. விடிவதற்கு முன்பே பூவெடுக்கப் போகும் பெண்கள் தண்ணீர் நாளில் வேலையை விட்டுவிட்டுக் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் கூலியைக் கொடுத்து ஆறு குடம்.

நான் பெயின்ட் வேலைக்குப் போகிறவன். 2023 ஆடியிலிருந்து தண்ணீர் வந்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடம் போனேன். "முகாம் விசயமெல்லாம் ஆர்.ஐ. பார்ப்பாருங்க, அவருகிட்டச் சொல்லுங்க" என்றார். வருவாய் ஆய்வாளரோ, குடிநீர் ஊராட்சியின் வேலை என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் அளவில் சரிதான். ஆனால் அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே எங்கள் குடங்கள் காலியாக நின்றன.

தகவல் கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். பத்து ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டினால் போதும் என்று எல்லோரும் சொல்வார்களே. நகரத்தில் ஒரு வக்கீல் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படித்துக் காட்டினார். அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். கிராம சபையும் அப்படித்தான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள் என்று அரசமைப்புச் சட்டமே வரையறுக்கிறது. முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்த ஊரில் எனக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. திண்டுக்கல்லில் பிறந்து, இங்கேயே பிறப்புச் சான்றிதழ் வாங்கிய என் மகளுக்கும் இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகள்தான் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடிப் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். அந்தச் செய்தியை எங்கள் முகாமில் படிக்காதவர்கள் இல்லை. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழி திறக்காது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். அரசமைப்புச் சட்டத்தின் பதினான்காவது பிரிவைப் பாருங்கள், சட்டத்தின் முன் சமம் என்று அது சொல்வது குடிமக்களை மட்டுமல்ல, எந்த மனிதரையும். 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளின் வழக்கில், வெளிநாட்டவரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் இந்த நாட்டின் சொந்தச் சட்டத்திலேயே எங்களுக்கென்று 'மனிதர்' என்ற ஒரு சொல் இருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 2, கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். வருகைப் பதிவேடு எங்களிடம் வரவில்லை. நான் எழுந்து நோட்டைக் காட்டினேன். "இங்க ஓட்டு இருக்கவங்க பேசுற கூட்டம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊராட்சித் தலைவர் என்ன சொல்வதென்று தெரியாமல் மைக்கைப் பார்த்தார்.

அப்போது மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அக்கா எழுந்தார். அம்மாவோடு பூவெடுக்கப் போகிறவர். "எனக்கு ஓட்டு இருக்குங்க தலைவரே. அப்ப நான் கேக்குறேன். சிலோன்காரப் பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்காதா? வால்வ மாத்தி மாத்தித் தொறந்துவிட என்ன கஷ்டம்?" என் நோட்டை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் படித்தார். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. அவருடைய கோரிக்கையாக.

நான் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டவன். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தாகத்தைச் சொல்லக்கூட இன்னொருவரின் வாய் வேண்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். வால்வைத் திறப்பவருக்கும் எங்கள்மேல் பகை கிடையாது. தெருவில் தண்ணீர் வராவிட்டால் ஓட்டுள்ளவர் வந்து சத்தம் போடுவார். எங்களுக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் நாங்கள் நான்காவது.

மனுவை நீட்டியபோது அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஓட்டர் ஐடி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மனு எழுதியவர் பெயரும் விலாசமும் போதும். "சோறு தந்தவையைக் குறை சொல்லேல்லை அம்மா. பங்கைத்தான் கேக்கிறம்." அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். கியூ பிராஞ்ச் போலீஸ் விசாரிக்க வருமோ என்று தயங்கி நின்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள். நாற்பத்தொரு பெயர்.

2022 செப்டம்பரில் இதே மாவட்டத்துத் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் கட்டி எங்களவர்களுக்குக் கொடுத்தார்கள். தார்ச் சீட்டுக்குக் கீழே பிள்ளை வளர்த்தவர்கள் காங்கிரீட் கூரையைத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். முகாம்களின் பெயர்ப் பலகைகளில் 'அகதிகள்' போய் 'மறுவாழ்வு' வந்தது. அரசு மனம் வைத்துச் செய்த பெரிய காரியம் அது, நன்றியோடு எழுதுகிறேன். ஆனால் வீடு ஒரு முறை கட்டி முடிந்துவிடும். தண்ணீரும் குப்பையும் தெருவிளக்கும் தினமும் ஊராட்சியோடு பேச வேண்டியவை. அந்தப் பேச்சுக்கு எங்களுக்கு இன்னும் ஓர் இடம் வகுக்கப்படவில்லை.

மனுவுக்கு ஆறு வாரத்தில் ஆள் வந்தார். நோட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், நான்கு கிளைகளுக்கும் முறை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நான்கு முறைக்கு ஒரு முறை எங்கள் வால்வு முதலில் திறக்கிறது.

ஜனவரி 26 கூட்டத்துக்கு அம்மாவும் வந்தார். அந்த அக்காவுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். வருகைப் பதிவேடு வரிசையாகக் கைமாறி இந்தத் தடவை எங்கள் பக்கமும் வந்தது. அம்மா வாங்கி மடியில் வைத்து, எழுதியிருந்த பெயர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு அடுத்திருந்தவரிடம் கொடுத்தார்.