சம்பளம் இல்லாத சனிக்கிழமை

கடந்த ஆண்டு, அதாவது 2025 பிப்ரவரியில், ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக நான் லண்டன் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கோவையிலிருந்து அண்ணன் போன் செய்தார். "அப்படியே ஷெஃபீல்டு வரைக்கும் ஒரு எட்டு போய் அவகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டு வா அம்மிணி" என்றார்.

அவள் என்பது அவருடைய மகள். ஷெஃபீல்டில் தரவு அறிவியல் முதுகலை, ஓராண்டுப் படிப்பு. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 25 லட்சம் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பாட நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். பெண் பார்த்ததோ 12 மணி நேரம். பாக்கி 8 மணி நேரம் சனிக்கிழமை. அந்த சனிக்கிழமையை அவள் எங்கோ மலைமேல் சேற்றில் பாசி நடுவதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனாமாக. மணிக்குப் பதினொரு பவுண்டுக்கு மேல் என்று வைத்தால் எட்டு மணிக்கு தொண்ணூறு பவுண்டு, நம் ரூபாயில் பத்தாயிரம். வாரா வாரம் பத்தாயிரத்தைச் சேற்றில் போடுகிறாள் என்பது அண்ணனின் புகார். இருபத்தாறு வருடம் ஒரு மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து, மில் மூடியபோது கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். அவர் கணக்கு தப்பாக இருக்க வழியில்லை.

செயிண்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து ஷெஃபீல்டுக்கு இரண்டு மணி நேரம். நம் வீட்டு சமையலறைகளுக்கு இந்த ஊரோடு ஒரு உறவு உண்டு. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியது இங்கேதான். எவர்சில்வர் டம்ளரின் பூர்வீகம் என்று சொல்லலாம். எஃகு ஆலைகள் பெரும்பாலும் போய்விட்டன. மாணவர்கள் நிரம்பிவிட்டார்கள். இந்த நகரத்துக்கு இன்னொரு விசேஷம்: அதன் எல்லையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அது, 1951இல் அறிவிக்கப்பட்டது. டவுன் பஸ்ஸில் ஏறி மலையில் இறங்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவு அண்ணனின் இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட நினைத்தேன். ரசம் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "நாளைக்கு நீங்களும் வர்றீங்க அத்தை. பேர் கொடுத்துட்டேன்" என்றாள். கடனாக வாங்கி வைத்திருந்த மழைக்கோட்டு ஒன்று நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தது.

காலை எட்டு மணிக்கு வேன். பதினான்கு பேர். எங்கள் இருவரையும் ஒரு சீன மாணவரையும் தவிர எல்லோரும் வெள்ளையர்கள், அதிலும் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். சாலை லேடிபவர் நீர்த்தேக்கத்தின் மேல் போகிறது. 1945இல் திறக்கப்பட்ட இந்த அணைக்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள் மூழ்கடிக்கப்பட்டன. 2018, 2022 வறட்சிகளில் டெர்வென்ட்டின் சுவர்கள் வெளியே தெரிந்தபோது பார்க்கக் கூட்டம் அலைமோதியதாம். தண்ணீர் காணாமல் போனால்தான் ஊர் தெரியும் என்ற கதை மேட்டூர் அணையைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

அதற்கப்புறம் சாலை வளைந்து ஏறுகிறது. பெயர் ஸ்நேக் பாஸ், பாம்புக் கணவாய். பாம்புபோல வளைவதால் வந்த பெயர் என்று நினைத்தேன். இல்லையாம். டெவன்ஷையர் பிரபு குடும்பத்தின் முத்திரையில் ஒரு பாம்பு உண்டு. அதை வைத்து வழியில் ஒரு விடுதிக்குப் பெயர் வந்து, அதிலிருந்து சாலைக்கு வந்தது. இந்தப் பிரபு குடும்பம் பிறகு மறுபடியும் வரும்.

உச்சி ஏறத்தாழ 510 மீட்டர். குன்னூரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வேனின் கதவைத் திறந்ததும் அடித்த காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. சுற்றிலும் மரமே இல்லாத பழுப்பு நிற மேட்டுவெளி. தமிழ் படித்தவளுக்கு எந்த நிலத்தைப் பார்த்தாலும் திணை பிரிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. மலை என்று பார்த்தால் குறிஞ்சி, ஆடு மேய்வதால் முல்லை, வெறுமையைப் பார்த்தால் பாலை, கால் வைத்தால் மருதத்துச் சேறு. விட்டுவிட்டேன்.

சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நடைபாதை போகிறது. பென்னைன் வே. ஈடேல் கிராமத்தில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிப் போய் முடியும் இந்தப் பாதை 1965இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 430 கிலோமீட்டர். நடந்தவர்களின் கால்பட்டுச் சேறாகி, சேற்றைத் தவிர்க்கப் பக்கத்தில் நடந்து, பாதை அகன்றுகொண்டே போனதால் சதுப்பான இடங்களில் கல் பாவியிருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கற்களின் மேல் நடந்தோம்.

"குனிஞ்சு பாருங்க அத்தை" என்றாள். ஒரு கல்லில் இரண்டு துளைகள், வட்டமாக, சுத்தமாக. அதில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. இயற்கையாக வந்த துளையில்லை. இந்தக் கற்களில் பல, மூடப்பட்டு இடிக்கப்பட்ட லங்காஷையர் துணி ஆலைகளின் தளக் கற்கள். ஹெலிகாப்டரில் தூக்கிவந்து போட்டார்கள். துளைகள் இயந்திரங்களை போல்ட் வைத்து இறுக்கிய இடங்கள்.

அந்த ஆலைகளுக்கும் இந்த மலைக்கும் வேறொரு சம்பந்தமும் உண்டு. பாதையிலிருந்து விலகி நாங்கள் இறங்கிய இடத்தில் அது கண்ணுக்கே தெரிந்தது. நிலம் கிழிந்து கிடந்தது. கறுப்பான ஈர மண், ஆளுயர ஓடைகளாக அரித்துப்போன பள்ளங்கள். இந்தக் கறுப்பு மண்ணுக்கு பீட் என்று பெயர். செத்த பாசி, தண்ணீருக்குள் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. அப்படிப் படியவைக்கும் முக்கியமான பாசி ஸ்பேக்னம். தன் எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கக்கூடியது. முதல் உலகப் போரில் பஞ்சு போதாமல் இதைக் காயங்களுக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்டு. இரண்டு பக்கத்து ஆலைப் புகையும் நூறாண்டுகளுக்கு மேல் இங்கே கந்தக மழையாக இறங்கியது. ஸ்பேக்னம் செத்தது. அளவுக்கு மீறி மேய்ந்த ஆடுகளும் அடிக்கடி பிடித்த தீயும் மீதியைப் பார்த்துக்கொண்டன. போர்வை போனபின் மண் காற்றிலும் மழையிலும் போகத் தொடங்கியது. மண்ணோடு, அது ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பிடித்து வைத்திருந்த கரியும். வெள்ளம் கீழே உள்ள ஊர்களுக்கு வேகமாக இறங்கியது, குடிநீர்த் தேக்கங்களில் பழுப்பு நிறம் ஏறியது.

எனவே திரும்ப நடுகிறார்கள். முதலில் ஓடைகளில் கல்லும் மரமும் போட்டு அணை கட்டி, சுண்ணாம்பு தூவி அமிலத்தைக் குறைத்து, புல் விதைத்து மண்ணை நிறுத்துகிறார்கள். பிறகு பாசி. ஒரு கோலால் குத்தித் துளை போட வேண்டும். கைப்பிடிக்குள் அடங்கும் பச்சைக் கொத்தை அதில் வைத்து விரலால் அழுத்த வேண்டும். அடுத்தது. நாற்று நடவு பார்த்தவர்களுக்குப் புரியும். குனிந்த முதுகு அங்கேயும் அதே வலிதான் வலிக்கிறது, பாட்டுதான் இல்லை. நட்ட பாசி பரவினாலும் பீட் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் உயரும். பதினோரு மணிக்கு என் இடது கால் முழங்கால் வரை புதைந்தது. அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு வருடம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கால் வைத்திருந்தேன். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது. பூட்ஸ் பின்னால் வந்தது.

நடுவில் ஒரு முயல் ஓடியது. மலைமுயல், குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். பனியில் மறைந்துகொள்ள இயற்கை செய்த ஏற்பாடு. அன்று பனி இல்லை. கறுப்பு மண்ணில் வெள்ளை முயல் அரை கிலோமீட்டருக்குத் தெரிந்தது. அதற்கு மட்டும் அது தெரியவில்லை.

மதியம் பள்ளத்துக்குள் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்தோம். அவள் எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தாள். அது எனக்காகச் செய்தது இல்லை என்பது டப்பாவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் உரிமையோடு தட்டை நீட்டினார். வாராவாரம் அவருக்கு ஒரு பங்கு உண்டாம். பதிலுக்கு அவர் மனைவி சுட்ட கேக்கில் ஒரு துண்டு.

தெற்கே மேகத்துக்குள் இருந்த மேட்டைக் காட்டி, "அதற்காகச் சிறைக்குப் போயிருக்கிறார்கள், தெரியுமா?" என்று அவர்தான் ஆரம்பித்தார். அது கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர், இந்த வட்டாரத்தின் உச்சி. ஒரு காலத்தில் நடக்கிறவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. க்ரௌஸ் என்ற காட்டுப் பறவையைச் சுடுவதற்காகப் பிரபுக்கள் வைத்திருந்த நிலம். வாரம் முழுக்க ஆலையில் வெந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று வாங்க எட்டிய தூரத்தில் மலை இருந்தும் காவலாளிகள் தடியோடு நின்றார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிறு. பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் தலைமையில் சுமார் 400 பேர் ஹேஃபீல்டு பக்கமிருந்து அத்துமீறி ஏறினார்கள். கைகலப்பு நடந்தது. ஆறு பேர் கைதானார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. அத்துமீறி நடந்தது குற்றவியல் குற்றமே இல்லை என்பதால் கலவரம், தாக்குதல் என்று வழக்கு போட்டார்கள். இந்த உத்தி நமக்கும் தெரிந்ததுதான்.

தண்டனை கடுமையானதும் மக்களின் அனுதாபம் நடந்தவர்கள் பக்கம் திரும்பியது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 2000இல் திறந்தவெளிகளில் நடக்கும் உரிமைக்குத் தனிச் சட்டம். எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு, 2002இல், பதினோராவது டெவன்ஷையர் பிரபு வந்து, தன் தாத்தா காலத்தில் நடந்ததற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாம்பு முத்திரைக் குடும்பம்தான். பெரியவர் இதைச் சொல்லும்போது குரலில் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதத்தைத்தான் திறந்துவிட்டது என்பதையும் கையோடு சொன்னார்.

திரும்பும்போது நானும் அவளும் பின்தங்கினோம். அண்ணனின் இரண்டு வார்த்தைக்கு இதுதான் சமயம் என்று பத்தாயிரம் ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் கல் கல்லாக நடந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை" என்று ஆரம்பித்தாள். முந்தைய டிசம்பர். நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரு கிடங்கில் இரவு வேலை, பகலில் தூக்கம், அதனால் வெளிச்சத்தையே பார்க்காத வாரங்கள். ஒரு பாடத்தில் தோல்வி. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் ஊருக்குத் திரும்பிப் போ என்று கத்திவிட்டுப் போனான். பிறகு பதினொரு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்குப் பேசும்போது மட்டும் தலை வாரிக்கொண்டு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் பக்கத்து அறைச் சீன மாணவர் கதவைத் தட்டி, சனிக்கிழமை வேனில் ஒரு இடம் காலி, வருகிறாயா என்றார்.

"முதல் ரெண்டு வாரம் யாரும் சரியாப் பேசலை. மூணாவது வாரம் நான் போகலை. நாலாவது வாரம் போனப்போ, போன வாரம் ஏன் வரலைன்னு அந்தத் தாத்தா கேட்டார். இந்த ஊர்ல நான் வரலைன்னு கவனிச்ச முதல் ஆள் அவர்தான்."

எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கடன் கடன்தான். வட்டி அண்ணன் கட்டிக்கொண்டிருக்கிறார், படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்கும் என்பதற்கு அங்கே யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. கடன் வாங்கி வரும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் வேனில் இடம் காலி இருக்குமா என்பதும் தெரியவில்லை. அவளுடைய பூட்ஸைப் பார்த்தேன். பழைய பொருள் கடையில் வாங்கியது, ஒரு அளவு பெரியது. உள்ளே இரண்டு ஜோடி காலுறை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஈயம் போனோம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப் பொதியோடு பிளேக்கும் வந்துசேர, அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாதென்று தன்னைத் தானே அடைத்துக்கொண்ட கிராமம். ஊர் எல்லைக் கல்லில் குழிகள் இருக்கின்றன. வினிகர் ஊற்றிய அந்தக் குழிகளில் காசைப் போட்டால், வெளியூரார் எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்களாம். மொத்தம் 260 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். தேநீர் நன்றாக இருந்தது. கூட்டம் அதிகம். அவள் அந்தக் குழிகளை மறக்காமல் படம் எடுத்தாள். கல்லில் துளை என்றாலே இப்போது படம் எடுக்கிறாள்.

அன்றிரவு அண்ணன் போன்.

"சொல்லிப்போட்டயா?"

"சொன்னேண்ணா."

"என்ன சொல்றா?"

டிசம்பரைச் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. பதிலுக்கு, அவள் அனுப்பிய கல் படத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கண்ணாடி தேடியிருப்பார். பிறகு வந்த குரல் வேறு குரல். அது தறி நின்ற இடமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அடிக்கல்லில் துளை போட்டு, போல்ட்டை இறக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது பழைய முறை என்றார். தான் சேர்ந்த புதிதில் ஒரு மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றார். துளை தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த இயந்திரம் ஆடியிருக்கிறது, சரியாக இறுக்காத எவனோ ஒருத்தன் வேலை என்றார். இருபது நிமிடம். பத்தாயிரம் ரூபாய் நடுவில் வரவே இல்லை.

"சனிக்கிழமை முழுக்க வேலை செஞ்சா ஒண்ணுமே குடுக்கறதில்லையா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஒரு துண்டு கேக்."

"ம்." மறுபடியும் சத்தமில்லை. "அடுத்த வாரம் போறப்ப ஒரு டேப்பு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. ரெண்டு ஓட்டைக்கும் நடுவால எத்தனை அங்குலம்னு அளந்து அனுப்பட்டும்."