கொக்குக்கு எதுக்கு ஸார் பெஞ்ச்?

பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஆபீஸ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிற அன்பர்களே, ஒரு நாளாவது ஜன்னல் பக்கம் திரும்புங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்குகிறதே, அதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நான் காலை ஆறரைக்கே போய் நின்றேன். கூழைக்கடா, நாமக்கோழி, சீசனும் அதிர்ஷ்டமும் இருந்தால் ரோஸ் கலரில் பூநாரை! டிக்கெட் கிடையாது.

உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். இதன் பெருங்குடி ஓரத்தில் மாநகராட்சி பல வருஷமாகக் குப்பை கொட்டி மலையே வளர்த்தது. பிறகு அதைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்க ஆரம்பித்தார்கள். சபாஷ்! ஆனால் மீட்ட இடத்தில் 'சுற்றுச்சூழல் பூங்கா' என்று 2023-ல் திட்டம் வந்ததும் அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் பகீரென்றது.

சதுப்பிடம் எடுத்ததைச் சதுப்புக்கே கொடுங்கள் என்பது அவர்கள் கட்சி. நான் பி.காம். கடன் வாங்கின இடத்தில்தானே கடனை அடைக்க வேண்டும்?

பூங்கா என்றால் நடைபாதை, புல்தரை, ராத்திரியில் விளக்கு. நீளவால் இலைக்கோழி, மிதக்கிற இலைமேல் முட்டையிடுகிற ஜாதி. அது எந்த பெஞ்சில் போய் உட்காரும்? நமக்குப் புதராகத் தெரிகிற கோரைதான் ஸார் பறவைகளுக்கு வீடு!

தவிர, தென்சென்னை ஏரிகளில் வழிகிற தண்ணீர் இங்கே வந்துதான் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. இங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அது எங்கே போகும்? 2015 டிசம்பரில் வேளச்சேரிக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று கீழே பார்த்தார்களே... அங்கே!