கீழே நிற்பவர்

கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்கிற உறவினர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "உன் வீட்டுக்காரர் ஆகாய விமானம் ஓட்டுகிறாராமே?"

"ஓட்டவில்லை, அத்தை. விமானம் கிளம்புவதற்கு முன்னால் அதைச் சரி பார்க்கிறவர்" என்பேன்.

"ஓகோ, மெக்கானிக்கா!" என்று அத்தையின் குரல் ஒரு சுருதி இறங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிற காபியிலும் டிகாக்‌ஷன் சற்றுக் குறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்!

சகோதரிகளே, அந்த 'மெக்கானிக்கா' என்ற வார்த்தைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷம் இந்திய விமானப்படையில் உழைத்தவரோடு குடித்தனம் நடத்திவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் விமானப்படை 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி தோன்றியது. அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் தேதி, கராச்சியில் டிரிக் ரோடு என்ற இடத்தில், அதன் முதல் அணி பிறந்தது. இருந்தவை நான்கே 'வாபிடி' விமானங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சில விமானிகள். அவர்களுக்குத் துணையாகப் பத்தொன்பது 'ஹவாய் சிப்பாய்'கள். அதாவது, ஆகாயச் சிப்பாய்கள். பெயர்தான் ஆகாயம், வேலையெல்லாம் தரையில்! அவர்களில் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூரில் என்ஜினீயரிங் படித்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1942-இல் பர்மாவில், வேவு பார்ப்பதற்கென்று வந்த 'லைஸாண்டர்' விமானங்களில் குண்டுகளைப் பொருத்தி அவற்றைத் தாக்குதலுக்கு அனுப்பிய கைகளில் அவருடைய கையும் உண்டு. அந்தச் சிப்பாய் பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும், 'லிபரேட்டர்' என்ற பெரிய குண்டு விமானங்களை யாருக்கும் உதவாதபடி உடைத்துக் கான்பூரில் குவித்துவிட்டுப் போனார்கள் நேச நாட்டுப் படையினர். பழைய இரும்பு என்று எல்லோரும் கைவிட்ட அந்தக் குவியலிலிருந்து, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையார் பல விமானங்களை உயிர்ப்பித்துவிட்டார்கள். அவை 1968-ஆம் ஆண்டு வரை நம் படையில் பறந்தன. ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைத்துப் பத்து வருஷம் புழங்குகிற நமக்கு இதன் அருமை தெரியாதா, என்ன?

என் வீட்டுக்காரர் 1958-இல் சேர்ந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார்; வீட்டிலே ஐந்து குழந்தைகள். காலேஜுக்கு அனுப்ப வசதியில்லை. பதினெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியுடன் ஜாலஹள்ளிக்கு ரயிலேறினார். விமானத்தைத் தொடவே விடவில்லையாம்! முதலில் கையில் ஓர் இரும்புக் கட்டியையும் அரத்தையும் கொடுத்து, ராவிச் சதுரமாக்கச் சொன்னார்களாம். ஒரு மயிரிழை கோணினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். "இரும்பை ராவவில்லை, எங்கள் அவசரத்தைத்தான் ராவினார்கள்" என்பார் இவர்.

விமானத்தைப் பார்த்துக்கொள்வது ஒரே ஆள் வேலை இல்லை. கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு ஒருவர், பட்சணத்துக்கு ஒருவர் என்று இருப்பதில்லையா? அதுபோல எஞ்சினுக்கு ஒருவர், உடற்கூட்டுக்கு ஒருவர், மின்சாரத்துக்கு, கருவிகளுக்கு, ரேடியோவுக்கு, துப்பாக்கிகளுக்கு என்று தனித்தனி ஆட்கள். இவர் எஞ்சின் ஆள்.

சூரியன் எழும் முன்னரே வேலை தொடங்கிவிடும். எண்ணெய் கசிகிறதா, குழாயில் கீறல் உண்டா, திருகாணி தளராமல் கட்டியிருக்கிற கம்பி முறுக்கு அவிழ்ந்திருக்கிறதா என்று டார்ச் விளக்கும் கையுமாகப் பார்க்க வேண்டும். ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில் ஒரு சிறு கூழாங்கல் உள்ளே போனால் போதும், இறக்கைத் தகடுகள் சிதைந்துவிடும். அதனால் ஓடுபாதையில் வரிசையாக நடந்து, குனிந்து, கல் பொறுக்குவார்கள். நாம் அரிசியில் கல் பொறுக்குவதைக் கேலி செய்கிற ஆண்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்!

கருவிகளுக்கும் கணக்கு உண்டு. ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் அதனதன் நிழலில் அது போய் உட்கார வேண்டும். ஒரு நாள் மாலை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து காத்திருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணியாகியும் இவரைக் காணோம். ஒரு சின்ன ஸ்பானர் எண்ணிக்கையில் குறைந்ததாம். அது எஞ்சினுக்குள் கிடந்தால்? கிடைக்கிற வரையில் விமானமும் நகரக் கூடாது, மனிதரும் நகரக் கூடாது. கடைசியில் ஒரு பையனுடைய கால்சட்டைப் பையின் கிழிசல் வழியாக உள்ளே இறங்கியிருந்தது தெரிந்தது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்து இவருடைய பைகளையெல்லாம் இரட்டைத் தையல் போட்டேன் நான்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒரு புத்தகம். '700-ஆம் நம்பர் படிவம்' என்பார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. சரி பார்த்த ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். கடைசியில் விமானி வந்து, அவற்றைப் பார்த்து, தானும் கையெழுத்திட்டுவிட்டு ஏறுவார். நினைத்துப் பாருங்கள்: எஞ்சினைத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் ஏது? அந்த நீல மசிக் கோடுகளை நம்பித்தான் ஆகாயத்துக்குப் போகிறார். இருக்கையிலே ஆளைத் தூக்கி வெளியே எறிகிற வெடி இருக்கிறது. தரையில் அது தவறி வெடிக்காமலிருக்கச் செருகிய ஊசிகளை எடுத்து, விமானியின் கண்ணுக்கு நேரே எண்ணிக் காட்டிவிட்டுத்தான் கீழே இருப்பவர் விலகுவார்.

வீட்டுப் பக்கம் வருவோம். நம் பம்ப் ஸ்டவ்வில் ஊற்றுகிற மண்ணெண்ணெயின் உடன்பிறப்புத்தான் ஜெட் எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய். எவ்வளவு சோடா உப்புப் போட்டு ஊறவைத்தாலும் இவருடைய வேலை உடுப்பிலிருந்து அந்த வாசனை போனதே கிடையாது. பஞ்சாபின் மே மாத வெயிலில் விமானத் தகடு தோசைக்கல்லாய்க் காயும். கை கொப்புளித்துப் போகும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வேறு. கறுப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும் எழுதி, ஊறுகாய் ஜாடியை வைக்கோலில் சுற்றி, ரயிலேறுவோம். குழந்தைகளுக்கு எந்த ஊரிலும் ஒரே பாடம் கிடைக்க 1963-ல் தொடங்கிய மத்தியப் பள்ளிகள்தாம் எங்களைக் காப்பாற்றின.

நான் குடித்தனம் போன மறு வருஷமே, 1965 செப்டம்பரில், யுத்தம் வந்தது. பஞ்சாபில் ஒரு தளத்துக்கு வெளியே வாடகை அறையில் இருந்தோம். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம். வாசலில் பதுங்கு குழி. இவர் வேலை பார்த்தது 'நாட்' என்ற குட்டி விமானத்தில். இருபத்திரண்டு அடிதான் அதன் இறக்கை அகலம். ஏணியில்லாமல் தரையில் நின்றபடியே பெரும்பாலான வேலையைப் பார்க்கலாம். ஆனால் உள்ளே கையை விட்டால் திருப்ப இடம் இராது. இவர் விரல் முட்டிகளில் ஆறாத தழும்புகள் அப்போது ஏற்பட்டவை. அந்தக் குட்டி விமானம்தான் எதிரியின் 'சேபர்' விமானங்களைத் திணற அடித்தது. 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரில் தன்னந்தனியாகப் போரிட்டு உயிர் நீத்த நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் 'நாட்'தான். பரம வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப் படை வீரர் அவர்.

யுத்தத்தைக் காட்டிலும் என் மனசில் பதிந்தது சமாதான காலத்தில் நடந்த ஒன்று. 1969-ஆம் வருஷம். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டாம். ஓர் இளம் விமானி. இருபத்து நான்கு வயது. மராத்திக்காரர். இவரிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் 'வணக்கம்'. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவாராம். அன்றும் சொன்னார். நான்கு விமானங்கள் போயின, மூன்று திரும்பின. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தில் இவர் இருட்டும் வரை நின்றிருக்கிறார். பிறகு ஓர் அதிகாரி வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போனாராம்.

விபத்து என்றால் உடனே அந்த 700-ஆம் நம்பர் படிவத்தை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். விசாரணை முடியப் பத்தொன்பது நாளாயிற்று. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் படிவத்தில் கடைசியாக இருந்த எஞ்சின் கையெழுத்து இவருடையது! ராத்திரி விழித்துப் பார்த்தால், இருட்டில் படுத்தபடியே இவருடைய விரல்கள் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருக்கும். அன்று காலையில் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாகத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் கேட்டேன்: "எல்லாம் சரியாகத்தானே பார்த்தீர்கள்?"

"பார்த்தேன். ஆனால் அதை யாரிடம் சொல்வேன்? கேட்க வேண்டியவர் இல்லையே!" என்றார்.

இருபதாம் நாள் முடிவு தெரிந்தது. சிதைந்த எஞ்சினுக்குள் பருந்தின் இறகும் எலும்பும் அகப்பட்டன. இவர் கையெழுத்தில் களங்கமில்லை. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பு என்னுடையதில்லை, வாஸ்தவம். ஆனால் அந்தப் பையனுடைய தாயாருக்கு அதனால் என்ன ஆறுதல்?" என்றார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போய், வேறொரு விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் செய்த வீரச் செயல் அதுதான் என்பேன்.

அன்று முதல் எனக்கும் ஒரு விரதம். சம்பளம் போதவில்லை, ஊரிலிருந்து கடிதம், குழந்தைக்கு ஜுரம், எதுவானாலும் சாயங்காலம்தான் பேச்சு. காலையில் இவர் கலங்கிய மனசோடு வாசலைத் தாண்டக் கூடாது. ஏனென்றால் அந்தக் கலக்கத்தை நம்பி வேறொரு வீட்டுப் பிள்ளை ஆகாயத்துக்குப் போகிறான். 700-ஆம் நம்பர் படிவத்தில் எனக்குக் கட்டம் கிடையாது. இருந்தாலும் தினமும் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன் என்றே நினைக்கிறேன்.

வாரண்ட் ஆபீசராக இவர் ஓய்வு பெற்றது 1988-இல். ஜெட் இரைச்சல் காதைப் பாதி வாங்கிக்கொண்டுவிட்டது. வீட்டில் ரகசியமே பேச முடியாது! காஸ் சிலிண்டரின் குமிழை இரண்டு தடவை திருகிப் பார்க்காமல் இன்றும் படுக்கப் போவதில்லை.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமான சாகசம் நடந்ததல்லவா? ஊரே அண்ணாந்து பார்த்தது. 2016-ஆம் வருஷம் முதல் நம் பெண்களும் போர் விமானப் பிரிவில் விமானிகளாகச் சேர்கிறார்கள். பேத்தி தொலைக்காட்சி முன் குதித்துக் கைதட்டினாள். இவரோ திரையைப் பார்க்கவில்லை. வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா எண்ணுகிறீர்கள்?" என்று காதருகே கத்தினாள் அவள்.

"எத்தனை போயிற்று, எத்தனை திரும்பிற்று என்று" என்றார்.

எல்லாம் திரும்பிவிட்டன என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட எழுந்து வந்தார்.