ஒதுங்க இடம்

மால்டாவில் எட்டு நாள் படப்பிடிப்பு என்று முடிவானதும் அதற்குத் திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. நான் உதவி இயக்குநர். சொந்த ஊர் திண்டுக்கல் - திருச்சி சாலையில் இருக்கும் அய்யலூர். அதுவரை நான் பார்த்த ஒரே தீவு ராமேஸ்வரம். சென்னையில் அறை வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுவதைவிட ஊரில் இருந்து எழுதலாம் என்று லேப்டாப்போடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வாரம் திண்ணைதான் அலுவலகம்.

சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலுக்கு நடுவே இருக்கிறது மால்டா. மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். மால்டா, கோசோ, கொமினோ என்று மக்கள் இருக்கும் தீவுகள் மூன்று. ஆறு கிடையாது. குடிநீரில் பாதிக்கும் மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. இத்தனை சின்ன இடத்துக்கு உலக சினிமாக்காரர்கள் ஏன் ஓடுகிறார்கள்? 'கிளாடியேட்டர்' படத்தின் ரோம் நகரம் 1999இல் அங்கே ரிக்காசோலி கோட்டைக்குள் எழுப்பப்பட்டது. 1980இல் வந்த 'பாப்பாய்' படத்துக்கு ஒரு கிராமத்தையே கட்டினார்கள். தீவில் மரம் இல்லாததால் நெதர்லாந்திலிருந்து மரமும் கனடாவிலிருந்து கூரைப் பலகையும் கப்பலில் வந்தன. ஏஞ்சலினா ஜோலி 'பை தி சீ' படத்தை 2014இல் கோசோவில் இயக்கினார். அங்கே செய்யும் செலவில் தகுதியான தொகைக்கு 40 சதவீதம் வரை அந்த அரசு திருப்பித் தருகிறது. எங்கள் தயாரிப்பாளரை இழுத்தது கடலின் நீலம் அல்ல, இந்த 40தான்.

திட்டம் என்பது கட்டம் போட்ட ஒரு பெரிய அட்டவணை. சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும்? உச்சி வெயிலில் சுண்ணாம்புக்கல் சுவர்கள் கண்ணைப் பறிக்குமே, அந்த நேரத்தில் எந்த உள்காட்சியை எடுப்பது? வடமேற்குக் காற்று வீசினால் எந்தப் பக்கக் கரைக்கு மாறுவது? கோசோவுக்குப் படகு எத்தனை நிமிடம்? கேமராவும் லென்ஸும் சுங்கத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப 'கார்னெட்' என்ற ஆவணம் வேண்டும். அதில் ஒவ்வொரு லென்ஸுக்கும் வரிசை எண் எழுத வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். இதையெல்லாம் கேட்டு, படித்து, எழுதி முடித்தபோது அட்டவணையில் இருநூறு வரிகளுக்கு மேல் ஆகியிருந்தன.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்கிட்டு ஒதுங்குறதுக்கு இடம் இருக்கா பாப்பா?"

அம்மா ஆடு வளர்ப்பவர். அய்யலூர் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். விடியும் முன்பே வண்டிகள் வந்துவிடும், பேரம் சூடு பிடிக்கும். ஆடு விற்கப் போகிற வியாழக்கிழமைகளில் அம்மா காலையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய அம்மா தக்காளி பறிக்கப் போனபோதும் அப்படித்தான். வேலைக்குக் கிளம்பும் பெண் முதலில் போடுகிற திட்டம் தன் மூத்திரப்பைக்கானது. அந்தத் திட்டம் எந்த அட்டவணையிலும் இருப்பதில்லை.

சினிமாவில் அது எப்படி இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியமாக இருந்தது. கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது அச்சில் வந்தது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், சிறுநீர்த் தொற்று வருகிறது என்று அந்த அறிக்கை சொல்கிறது. தொலைக்காட்சிகள் பெரிய பெயர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் நான் அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். துணை நடிகைகளோடு வேலை பார்த்த எவருக்கும் அது செய்தி அல்ல.

மால்டாவிலிருந்து உள்ளூர் நிறுவனம் ஒன்று செலவுப் பட்டியல் அனுப்பியது. அதில் ஜெனரேட்டருக்கும் படகுக்கும் நடுவே, நாங்கள் கேட்காமலே, 'நடமாடும் கழிப்பறை' என்று ஒரு வரி இருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை, நாளுக்கு எவ்வளவு என்ற விவரத்தோடு. யாரும் கெஞ்சவில்லை, கூச்சப்படவில்லை. கேபிள் வயரைப் போல அதுவும் ஒரு தேவை.

அடுத்து அறைக் கணக்கு. நட்சத்திரங்களுக்குத் தனி. தொழில்நுட்பக் குழுவில் ஆண்கள் பதினான்கு பேர், இருவருக்கு ஓர் அறை, ஆக ஏழு அறைகள். பதினைந்தாவது ஆள் நான். தயாரிப்பு நிர்வாகி பட்டியலைப் பார்த்துவிட்டு, "உனக்கு மட்டும் தனி ரூம் ஆகுதேம்மா. நீ இங்கருந்தே போன்ல பார்த்துக்கலாமே" என்றார். திட்டியோ இளக்காரமாகவோ சொல்லவில்லை. செலவைக் குறைப்பதாகவே நினைத்துச் சொன்னார். வெளிநாட்டுப் படப்பிடிப்புகளில் கேமராவுக்குப் பின்னால் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குப் பெரிய சதி எதையும் தேட வேண்டியதில்லை. ஒற்றைப் பெண் என்றால் ஒரு கூடுதல் அறை. கூடுதல் என்றால் வெட்டு. அங்கே போகாதவளுக்கு அனுபவம் இல்லை. அனுபவம் இல்லாதவளை அடுத்த படத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

திட்டம் என் கையில் இருந்தது. நாயகிக்குச் சிகையலங்காரம் செய்ய அங்கேயே ஒரு பெண்ணை நாள் கூலிக்கு எடுப்பதாக இருந்தோம், யூரோவில். அதை அடித்துவிட்டு, எங்கள் குழுவில் பத்து வருடமாகத் தலைவாரிக்கொண்டிருக்கும் அக்காவின் பெயரை எழுதினேன். பெண்கள் இருவர், அறை ஒன்று. அவருடைய பயணச் செலவைச் சேர்த்தும் தொகை குறைந்தது. நிர்வாகி கையெழுத்துப் போட்டார். கணக்கு சரியாக வந்ததால் போட்டார். கணக்கு இடித்திருந்தால் எங்கள் இருவரின் பெயரும் போயிருக்கும். ஒரு பெண்ணாகப் போய் நின்றால் கூடுதல் செலவு, இரண்டு பேராகப் போனால் ஓர் அறை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

மால்டா நடக்கவில்லை. தயாரிப்பாளருக்கு வர வேண்டிய பணம் பாதியாகக் குறைந்தது. 40 சதவீதம் திரும்பி வரும் என்றாலும் முதலில் நூறையும் போட வேண்டுமே. கடல் காட்சிகள் மட்டும் போதும், தனுஷ்கோடியில் நான்கு நாளில் முடிக்கலாம் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்கா எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் திரும்பப் பீரோவில் வைத்தார்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயம், மணல், இரண்டு பக்கமும் கடல், மீனவர் குடிசைகள். லீனா மணிமேகலை தன் 'செங்கடல்' படத்தை அந்த மணலில்தான் எடுத்தார். தணிக்கை மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 2011இல் அனுமதி வாங்கிய படம் அது. எனக்கு முன்பே ஒரு பெண் அங்கே நின்று 'ஆக்‌ஷன்' சொல்லியிருக்கிறார் என்ற நினைப்பு கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மால்டா அட்டவணையைப் பிரதியெடுத்துத் தனுஷ்கோடிக்கு மாற்றினேன். திருத்தத்துக்குப் போய்த் திரும்பியபோது படகு வரி வெட்டப்பட்டிருந்தது, நியாயம். கழிப்பறை வரியும் வெட்டப்பட்டிருந்தது. "நம்ம ஊர்தானம்மா, எதுக்கு?" என்று கேட்டார்கள். மீனவப் பெண்களாக நடிக்க முப்பது துணை நடிகைகள் வருகிறார்கள். அங்கே மறைவுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. அதே உடம்பு, அதே வேலை, அதே படம். மால்டாவில் தேவையாக இருந்தது தனுஷ்கோடியில் ஆடம்பரம் ஆகிவிட்டது.

வரியைத் திரும்பச் சேர்த்தேன். மறுபடி வெட்டினார்கள். மூன்றாவது முறை, மால்டா பட்டியலையும் ஹேமா அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து இணைத்து அனுப்பினேன். தலைவாரும் அக்காவும், உடைப் பிரிவில் இருந்த இன்னொரு பெண்ணும் தங்கள் பெயரையும் கீழே போடச் சொன்னார்கள். மூன்று பெயரோடு போன தாளை வெட்ட யாருக்கும் கை வரவில்லை. கேரவன் ஒன்றுக்கு ஆகும் வாடகையைக்கூட அந்தத் தொகை எட்டவில்லை.

சினிமா படிக்கும் மாணவிகள் என்னிடம் கதை எழுதுவது பற்றியும் ஷாட் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். நான் அட்டவணை போடவும் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். யார் வரலாம், யார் எங்கே தூங்கலாம், யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. அந்த வேலை அலுப்பானது என்று ஆண்களிடம் விட்டுவிடாதீர்கள்.

தனுஷ்கோடியில் முதல் நாள். பெண்கள் உட்காரும் பந்தலில் வைக்கும் தண்ணீர் கேன்கள் பொதுவாக மாலையில் முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பி வரும். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு கேனும் காலி. இன்னும் நான்கு கேனுக்கு ராமேஸ்வரத்துக்கு வண்டி அனுப்பினோம்.