கணக்கில் வராத ஆட்டம்

"அப்பா, இது கணக்கில வராத ஆட்டம். இதுக்கு இவ்வளவு தூரம் கார் ஓடவேணுமோ?"

மகன் இதைக் கேட்டபோது 20ஆம் நெடுஞ்சாலையில் பாதி வழி தாண்டியிருந்தோம். 2024 ஒக்டோபர் 5, சனிக்கிழமை. மொன்றியலில் இருந்து கியூபெக் நகரத்துக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்துபோய் நின்றன.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் பார்க்கப் போனது லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸும் புளோரிடா பாந்தர்ஸும் ஆடும் ஹொக்கி ஆட்டம். இரண்டுமே பனி விழாத ஊர்களின் அணிகள். அதுவும் பிரீசீசன் ஆட்டம், நாடகத்துக்கு முந்திய ஒத்திகை மாதிரி. தேசிய ஹொக்கி லீக்கின் (என்.எச்.எல்.) அணிகள் செப்டெம்பரில் பெரிய கூட்டமாகப் பயிற்சி முகாமைத் தொடங்கி, ஆட்களைக் கழித்துக் கழித்து, கடைசியில் 23 பேருக்குள் நிறுத்திக்கொள்ளும். யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்று பார்க்கத்தான் இந்த ஆட்டங்கள். வென்றால் புள்ளி இல்லை. கோல் போட்டாலும் பருவத்தின் ஏட்டில் ஏறாது. ஆனால் எலும்பு முறிந்தால் முறிந்ததுதான். கிங்ஸின் மூத்த தடுப்பாட்டக்காரர் ட்ரூ டவுட்டி பத்து நாட்களுக்கு முன்னர்தான் லாஸ் வேகாஸில் இப்படி ஓர் ஒத்திகை ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டார்.

"ஆட்டத்தைப் பார்க்க இல்லை, ஊரைப் பார்க்கப் போறம்" என்றேன்.

சென் லோரன்ஸ் ஆற்றைக் கடக்கும்போது பக்கத்தில் பழைய கியூபெக் பாலம் தெரிந்தது. கட்டும்போதே 1907இல் ஒருமுறை விழுந்தது, 1916இல் மறுபடி விழுந்தது. அடுத்த வருடமே கட்டி முடித்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரரின் பிடிவாதத்தை ஊருக்குள் நுழைய முன்னமே பார்த்துவிடலாம்.

லிமொய்லு பகுதியில் இரண்டு அரங்குகள் அருகருகே நின்றன. பழையது கொலிசே. 1949இல் திறந்தது, அப்போது மூடிக் கிடந்தது. புதியது வீடியோட்றோன் சென்டர், 2015இல் திறந்தது. நகரமும் மாகாணமும் சேர்ந்து சுமார் 370 மில்லியன் டொலர் கொட்டிக் கட்டிய வெள்ளை மாளிகை. ஹொக்கிக்கு 18,259 இருக்கைகள். ஆனால் சொந்தமாக என்.எச்.எல். அணி இல்லை. மாப்பிள்ளை அமைய முன்னமே பந்தல் போட்ட கலியாணவீடு இது.

எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். வெளிர்நீல நோர்டீக்ஸ் ஜேர்சி, முதுகில் 26. ஆடிய இரண்டு அணிகளில் ஒன்றுக்கும் அது உரியதல்ல. திரும்பிப் பார்த்தால் அரங்கு முழுக்க அதே நீலம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. 1995இல் இந்த ஊரைவிட்டுப் போய்விட்ட தங்கள் அணிக்கு, இருபத்தொன்பது வருடங்கள் கழித்து, வேறு யாரோ ஆடும் இடத்தில் சீருடை அணிந்து வந்திருந்தார்கள்.

என்னுடைய பிரெஞ்சு சந்தைக்குப் போதும், ஹொக்கிக்குப் போதாது. கியூபெக்கின் 101ஆம் மொழிச் சட்டத்தின் புண்ணியத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மகன் மொழிபெயர்த்தான். 26 யாருடைய எண் என்று கேட்டேன். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. பீற்றர் ஸ்டாஸ்ட்னி. 1980இல் பீற்றரும் தம்பி அன்ரனும் கம்யூனிச செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி இங்கே வந்தார்கள். அடுத்த வருடம் அண்ணன் மரியானும் வந்து சேர்ந்தார். மூன்று சகோதரர்களும் ஒரே அணியில் ஆடினார்கள். ஊரைவிட்டு ஓடி வந்தவனுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒருவர் முதலில் வர, மற்றவர் பின்னால் வந்து சேரும் கதை எங்கள் வீடுகளில் எல்லாம் உண்டு.

"பிறகு ஏன் அணி போனது?" என்று மகன் கேட்டான்.

"காசு" என்றார். ஆட்டக்காரருக்குச் சம்பளம் அமெரிக்க டொலரில், டிக்கெற் விற்பனை கனடிய டொலரில். அன்றைக்குக் கனடிய டொலர் ஒன்று அமெரிக்க முக்கால் டொலரும் பெறவில்லை. அணியை டென்வர்காரருக்கு விற்றார்கள். கொலராடோ அவலான்ச் என்று பெயர் மாறிய அணி, முதல் வருடமே, 1996இல், ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அதன் கோல் காப்பாளர் பட்ரிக் றுவா பிறந்தது இதே கியூபெக் நகரத்தில். புண்ணில் உப்பு வைத்தது போலத்தான்.

இதே மாதிரி அணியை இழந்த வின்னிபெக்குக்கு 2011இல் அணி திரும்பியது. அந்த நம்பிக்கையில்தான் இவர்கள் அரங்கைக் கட்டினார்கள். புதிய அணிக்கு என்.எச்.எல். விதித்த விலை 500 மில்லியன் அமெரிக்க டொலர். விண்ணப்பித்தவை இரண்டே நகரங்கள்: கியூபெக், லாஸ் வேகாஸ். 2016இல் பாலைவனத்துக்குக் கொடுத்தார்கள். பனி நகரத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள்.

மகன் கைபேசியில் ஒன்றைக் கண்டுபிடித்தான். 1991இல் லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் பனித்தளம் போட்டு ஒத்திகை ஆட்டம் ஆடியது கிங்ஸ். விளக்கு வெளிச்சத்துக்கு வெட்டுக்கிளிகள் வந்து பனியில் விழுந்தனவாம். பிறகும் பல வருடங்கள் அங்கே போய் ஆடினார்கள், 2017இல் லாஸ் வேகாஸ் அணி ஆடத் தொடங்கியது. அடுத்து சோல்ட் லேக் சிற்றிக்குப் போனார்கள், 2024இல் அங்கும் அணி வந்துவிட்டது. "கிங்ஸின்ர கால் ராசியான கால்" என்றான். அதை அவன் பிரெஞ்சில் சொன்னதும் பெரியவர் குலுங்கிச் சிரித்தார். "அங்கெல்லாம் கோடீஸ்வரர்கள் காத்திருந்தார்கள். இங்கே நாங்கள் மட்டும்தான் காத்திருக்கிறோம்."

இந்தக் காத்திருப்புக்குத்தான் மாகாண அரசு விலை கொடுத்தது. கிங்ஸை இங்கே அழைத்துவர 5 முதல் 7 மில்லியன் டொலர் வரை தருவதாக 2023 நவம்பரில் நிதி அமைச்சர் அறிவித்தார். ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. மாகாணமே கொதித்தது. வரி கட்டுகிறவன் என்ற முறையில் நானும் முணுமுணுத்தேன், இப்போதும் அது வீண் செலவு என்றே நினைக்கிறேன். பெரியவரிடம் கேட்டேன். "எனக்கும் கோபம்தான். என் வரிக்காசு எப்படிச் சறுக்குகிறது என்று பார்க்க வந்தேன்" என்றார்.

அந்தப் பணத்துக்கு அன்று அரங்குகூட நிறையவில்லை. மேல்தட்டில் வெற்று இருக்கைகள் கண்ணில் பட்டன. ஆனாலும் பக் எனும் றப்பர் வட்டு வலையை நெருங்கும்போதெல்லாம் இந்தப் பெரியவர் எழுந்து நின்றார். எந்த அணி அடித்தாலும் எழுந்தார். அணியில்லாத ஊரில் இரண்டு அணிகளும் விருந்தாளிகள்தான்.

ஆட்டம் முடிந்து கைகொடுத்தபோது அவர் மகனிடம் ஏதோ சொன்னார். காரில் ஏறியதும் கேட்டேன். "எங்களுக்கு ஆட்டம் பார்க்கத் தெரியும், அதை யாரும் எங்களுக்கு ஒத்திகை பார்க்கத் தேவையில்லை எண்டு சொன்னவர்."

மூன்று மாதம் கழித்து, 2025 ஜனவரி 19 அன்று, பெண்களின் தொழில்முறை ஹொக்கி லீக்கைச் சேர்ந்த மொன்றியல், ஒட்டாவா அணிகள் அதே அரங்கில் மோதின. வந்தவர்கள் 18,259 பேர். ஓர் இருக்கைகூட மிச்சமில்லை. அந்த ஆட்டத்துக்குப் புள்ளிகள் உண்டு.