உடைந்து வந்த இசைக்கருவி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றை எடுத்து எழுதவே எண்ணியிருந்தேன். எனினும், நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் காரணமாகச் சென்ற ஆண்டு என் இல்லத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று நெஞ்சை விட்டு அகலாமையால், அதனையே இங்கு எழுதத் துணிந்தேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்த இரவில், என் தந்தையார் தம் மிதிவண்டியிற் கட்டியவை இரண்டு பொதிகள். ஒன்றில் அரிசி இருந்தது. மற்றதில் வேட்டியாற் சுற்றிய பதினொரு இசைத்தட்டுகள் இருந்தன. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடியும், தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் பாடல்களும் அவற்றுள் அடங்கும். கிராமபோன் பெட்டி பாரமாகையால் வீட்டிலே நின்றுவிட்டது. பின்னர் ஒருமுறை சென்று பார்த்தபோது அது அங்கில்லை. அரக்கும் கற்பொடியும் கலந்து செய்த அத்தட்டுகள் கைதவறினால் ஓடுபோல் உடைவன. எத்தனையோ இடங்களில் அலைந்தும் அவற்றுள் ஒன்றேனும் உடையவில்லை. நுகேகொடையில் நாங்கள் குடியேறிய பின்னரும் அவை அலுமாரியில் ஊமையாகவே கிடந்தன.

இக்கதையை வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தேன். அதனை மறவாத மாணவர் ஒருவர் இப்போது இலண்டனில் தொழில் பார்க்கின்றார். சுவிண்டன் நகரத்துக் காராட் ஆலையில் 1960 களில் செய்யப்பட்ட பழைய இசைத்தட்டுக் கருவியொன்றை வாங்கி, அவர் எனக்குக் கப்பலில் அனுப்பிவைத்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலவேண்டிய பழைய தட்டுகளை இக்காலக் கருவிகள் பல இயக்கமாட்டா, அது இயக்கும்.

பெட்டியைத் திறந்தபோது திடுக்குற்றேன். இத்தகைய கருவியை அனுப்புமுன், பாரமான உலோகத் தட்டத்தைக் கழற்றித் தனியே பொதிதல் வேண்டும். சுருள்விற்களின் மேல் நிற்கும் அடித்தளத்தை அதற்கென உள்ள திருகாணிகளால் இறுக்குதலும் வேண்டும். விற்றவர் இரண்டையும் செய்திலர். தட்டம் கழன்று உருண்டு, ஊசி தாங்கும் கையை முறித்து, மரப்பெட்டியின் மூலையையும் பிளந்திருந்தது.

அன்றிரவே மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், சாமான் பழுதில்லாமல் வந்ததா? அப்பா பாட்டுக் கேட்டாரா?" என்று வினவினார். "நன்றாயிருக்கிறது, தம்பி, கேட்டார்" என்றேன். அவர் மனம் நோகலாகாதென்று சொன்ன பொய் அது. அந்த வாரமே வகுப்பில் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை விளக்கினேன் என்பதையும் மறைத்தற்கில்லை.

இனிச் செய்வதென்ன என்று பல நாள் எண்ணினேன். நட்டஈடு கோருவதாயின் அனுப்பிய மாணவரே கோருதல் வேண்டும். அவருக்கோ உண்மை தெரியாது. திருத்துவதாயின் செலவு எவ்வளவாகுமோ என்ற அச்சம். அப்படியே வைத்துவிட்டால், பதினொரு ஊமைகளோடு பன்னிரண்டாவதும் சேரும். தந்தையாருக்கு வயது எண்பத்து நான்கு; செவிப்புலனோ ஆண்டுதோறும் குறைந்துவருகின்றது.

ஈற்றில், வானொலிப் பெட்டி திருத்தும் முதிய சிங்களத் தொழிலாளர் ஒருவரிடம் கருவியைக் கொண்டுசென்றேன். யாவரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். முறிந்தவற்றை அவர் முதலில் நோக்கவேயில்லை. தட்டத்தை நடுத்தண்டிற் பொருத்தி, அதன் விளிம்பருகே பென்சில் ஒன்றை அசையாது நிறுத்தி, தட்டத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். விளிம்புக்கும் பென்சில் முனைக்கும் இடையிலிருந்த வெளி ஒரு சுற்று முழுவதும் மாறவில்லை.

"சேர், ஊசிக்கை வாங்கலாம், றப்பர்ச் சில்லு வாங்கலாம், மரத்தை ஒட்டலாம். தண்டு வளைந்திருந்தால் மட்டும், காசைச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். தண்டு நேராக இருக்கிறது" என்று சிங்களத்திற் சொன்னார்.

ஆயிரக்கணக்கான மைல் கடலில் அலைக்கழிந்து வந்த கருவியின் தண்டு நேராயிருந்தது. வீட்டில் நாற்காலியில் அமர்ந்து பேசிய என் நாவே வளைந்திருந்தது. கடையில் நின்றபடியே மாணவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அன்றைக்கே சொல்லியிருந்தால் விற்றவரிடம் கேட்டிருக்கலாம், சேர். தவணை முடிந்துவிட்டது" என்றார். சினந்து சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். என் நாகரிகம் அவருக்குப் பணநட்டமாயிற்று.

திருத்தும் செலவு என்னுடையதென்றும், உதிரிப்பாகங்களை அவர் தேடி அனுப்புவதென்றும் முடிவாயிற்று. கருவியோடு வந்த ஊசி, பிற்காலத்து நெடுநேரத் தட்டின் ஒடுங்கிய பள்ளத்துக்குரியது. 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு அதனினும் ஏறத்தாழ மும்மடங்கு பருத்த முனை வேண்டும் என்பதைப் பாஸ் சொல்லியே அறிந்தோம். அவ்வூசியும் பாகங்களோடு வந்தது.

இரண்டு மாதங்களின் பின், ஒரு ஞாயிறு மாலை, எங்கள் வீட்டில் தோடி ஒலித்தது. ஒரு பக்கம் மூன்று நிமிடமளவே. தந்தையார் ஒலிபெருக்கியோடு செவியைச் சேர்த்து வைத்துக் கேட்டார். முடிந்ததும், "சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது" என்றார்.

"மறுபடியும் பாஸிடம் கொண்டுபோகவா, ஐயா?" என்றேன்.

"வேண்டாம். மற்றப் பக்கத்தைப் போடு" என்றார்.

அன்றிரவு மாணவரை அழைத்து, ஐயா தோடி கேட்டதைச் சொன்னேன். சுருதி இறங்கியதையும் சொன்னேன்.